முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்

தசை அழற்சி நோய் வந்தவர்களுக்கும், அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரும் வீட்டாருக்கும்



உங்களுக்குப் பாலிமயோசைட்டிஸ் என்றோ டெர்மடோமயோசைட்டிஸ் என்றோ சொல்லியிருப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தசையையே தாக்குகிறது, ஸ்டீராய்டு கொடுத்து அடக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் உங்கள் கல்லீரலைப் பற்றி யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் நல்லது. கேட்காவிட்டால் நீங்களே பேச்சை எடுக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மூட்டு, தசை நோய்களைப் பார்ப்பது என் தொழில். தசை நோய்க்காரர்களிடம் கல்லீரலைப் பற்றியும், கல்லீரல் நோய்க்காரர்களிடம் தசையைப் பற்றியும் கேட்காமல் விடுவதால் வரும் சேதத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் தசைக்கு ஒரு பிரிவு, தோலுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று, புற்றுநோய்க்கு இன்னொன்று. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டுகளும் ஒன்றாக இருக்கும் இடம் உங்கள் கையிலிருக்கும் மஞ்சப்பை மட்டும்தான். அதனால்தான் மருத்துவர்களுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த நோய் வலியோடு வருவதைவிடப் பலவீனத்தோடு வருவதுதான் அதிகம். பஸ் படியில் கால் ஏறாது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. கொடியில் துணி போடக் கை மேலே போகாது. பிள்ளைக்குத் தலை பின்னப் பாதியிலேயே தோள் இறங்கிவிடும். சிலருக்குச் சோறு தொண்டையில் நிற்கும். டெர்மடோமயோசைட்டிஸாக இருந்தால் இதோடு தோலும் மாறும். கண்ணிமை கறுக்கும், விரல் கணுக்களின் மேல் தடித்த திட்டுகள் வரும், மார்பிலும் தோளிலும் வெயில் பட்ட இடங்கள் நிறம் மாறும். பாடப்புத்தகத்தில் இமையின் நிறம் ஊதா என்று போட்டிருக்கும். நம் தோலில் அந்த ஊதா எளிதில் தெரியாது. கருமையாகவும் சாம்பலாகவும் தெரிவதை மங்கு என்றோ அலர்ஜி என்றோ நினைத்து மாதக்கணக்கில் க்ரீம் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். இமையும் கணுவும் சேர்ந்து கறுத்து, மாடிப்படி ஏறவும் முடியவில்லை என்றால் அது மங்கு இல்லை.

முதல் குழப்பம் ரத்தப் பரிசோதனையில்தான் வருகிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டையும் நாம் கல்லீரல் பரிசோதனை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். லேப் சீட்டிலும் அந்தத் தலைப்பின் கீழேதான் அச்சாகி வருகிறது. ஆனால் இந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தால் இரண்டும் ரத்தத்தில் ஏறும்.

கைத்தறி நெசவாளி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மகன் தாங்கிப் பிடிக்க என் அறைக்குள் வந்தார். கையில் கனமான ஃபைல். பல மாதங்களாகக் 'கல்லீரல் வீக்கம்' என்று வைத்தியம். எஸ்ஜிஓடி முந்நூறுக்கும் மேல். காமாலை என்று யாரோ சொல்ல, எண்ணெய், முட்டை, மீன் எல்லாம் நிறுத்தி மோர்சாதம் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். கண்ணில் மஞ்சள் இல்லை, பிலிருபின் ஏறவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கைகளாலும் தொடையைத் தள்ளிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மகனின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். "தறிக்குழியில எறங்குனா ஏற முடியலைங்க. அதான் தறியை வித்துட்டோம்" என்றார் மகன். தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆயிரக்கணக்கில் வந்தது. கல்லீரல் பாதித்தால் ஏறும் ஜிஜிடி இயல்பாக இருந்தது. அவருடைய கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. உருகிக்கொண்டிருந்த தசைக்குத் தேவையான புரதத்தைத்தான் பத்தியம் என்ற பெயரில் இத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருக்கிறது, ஆனால் காமாலை இல்லை, உடம்பில் பலமும் இல்லை என்றால், "சிபிகே, ஜிஜிடி பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். இரண்டும் சாதாரண லேபிலேயே செய்கிற பரிசோதனைகள்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியென்றால் என் எஸ்ஜிஓடி ஏறியது தசையால்தான், கல்லீரலில் ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது எதிர்ப்பக்கத் தவறு. தசை நோயும் கல்லீரல் நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். தசையிலிருந்து வரும் நொதிக்குப் பின்னால் கல்லீரலிலிருந்து வருவது மறைந்துகொள்ளும்.

இனி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி கிருமியோடும், 55 லட்சம் பேர் சி கிருமியோடும் வாழ்ந்தார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. வளர்ந்தவருக்கு பி கிருமி தொற்றினால் பெரும்பாலும் உடம்பே அதை அடக்கிவிடும். நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி ஊசி சேர்ந்தது 2011இல்தான். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் உங்களில் பெரும்பாலோர் அந்த ஊசி போடாதவர்கள்.

தெரிந்தவர்களுக்கும் எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். ரத்ததான முகாம், பிரசவம், அல்லது வளைகுடா வேலைக்கான மெடிக்கல். 'அன்ஃபிட்' என்று வந்த அந்தத் தாளை வீட்டில் யாருக்கும் காட்டாமல் பெட்டிக்கடியில் வைத்தவர்கள் நம்மூர்களில் ஏராளம். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் போச்சு, கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம், இது என்னவோ கெட்ட நோய் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொட்டுப் பேசுவதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில்தான் பரவும்.

அப்படி ஒரு தாளை மறைத்து வைத்திருந்தவர்தான் வெல்டிங் வேலை செய்த இன்னொருவர். தசை அழற்சி என்று வேறோர் இடத்தில் கண்டுபிடித்துத் தினமும் 50 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். வைரஸ் இருக்கிறதா என்று மருந்து எழுதியவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தசை நன்றாகத் தேறியது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும்போது கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, நினைவு தடுமாறும் நிலையில் வந்து சேர்ந்தார். பரிசோதித்தால் ரத்தம் முழுக்க வைரஸ். பிழைத்துக்கொண்டார். எல்லாரும் பிழைப்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். பி கிருமி தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் சின்ன வளையமாக வைத்துவிட்டுப் படுத்துக்கிடக்கும். நம் எதிர்ப்புச் சக்தி அதை அழிப்பதில்லை, எழவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு அந்தக் காவலை விலக்குகிறது. அதுமட்டுமல்ல, இந்த வைரஸின் மரபுப்பொருளிலேயே ஸ்டீராய்டைக் கண்டால் தூண்டப்படுகிற ஒரு பகுதி இருக்கிறது. மருந்து இருக்கும்வரை வைரஸ் சத்தமில்லாமல் பெருகும். மருந்தைக் குறைக்கும்போது எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்து, வைரஸ் நிறைந்த கல்லீரல் செல்களை மொத்தமாகத் தாக்கும். அதனால்தான் ஆபத்து, நோய் குணமாவதுபோல் தெரிகிற காலத்தில் வருகிறது. தினமும் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் நான்கு வாரத்துக்கு மேல் பிரெட்னிசோலோன் எடுத்தாலே இந்த ஆபத்து உண்டு. தசை அழற்சிக்கு இதைவிட அதிக அளவில், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

நோய் அடங்காதவர்களுக்குப் போடும் ரிடுக்ஸிமாப் ஊசி இன்னும் ஒரு படி மேலே. பழைய தொற்று எப்போதோ வந்து 'போய்விட்டது' என்று நினைத்தவர்களுக்கும் அது வைரஸை எழுப்பும். இதற்காகவே 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஆகவே இப்போதிருக்கும் தொற்றைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி என்ற ஒரு பரிசோதனை மட்டும் போதாது. பழைய தொற்றைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி-எச்பிசி டோட்டல் என்ற பரிசோதனையும் வேண்டும். எச்பிஎஸ்ஏஜி இல்லை, ஆன்டி-எச்பிசி இருக்கிறது என்று வந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். 'நெகட்டிவ்' என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

வைரஸ் இருக்கிறது என்று தெரிந்தால் ஸ்டீராய்டே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். கூடவே என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் வைரஸ் அநேகமாக எழாது. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்றுக்கு ஓர் உயிர் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டியிருக்கும். மருத்துவருக்கு உண்மை தெரிந்தால்தானே வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்?

உங்களில் பலர் கேட்கத் தயங்குகிற இன்னொரு விஷயம் புற்றுநோய். 1916இலேயே ஜெர்மனியில் ஸ்டெர்ட்ஸ் என்ற மருத்துவர் டெர்மடோமயோசைட்டிஸும் இரைப்பைப் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு இருந்ததை எழுதிவைத்தார். தற்செயலா, தொடர்பா என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து மூன்று நாட்டுப் பதிவேடுகளையும் சேர்த்து 2001இல் வெளிவந்த ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. டெர்மடோமயோசைட்டிஸ் இருந்த 618 பேரில் 198 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களில் 115 பேருக்குத் தசை நோய் தெரிந்த பிறகு வந்தது. பாலிமயோசைட்டிஸில் ஆபத்து இதைவிட நன்றாகவே குறைவு. அந்த நாடுகளில் அதிகம் கண்டது சினைப்பை, நுரையீரல், கணையம், இரைப்பை, குடல் ஆகியவற்றின் புற்றுநோய். தென் சீனாவிலும் ஹாங்காங்கிலும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் முன்னே நிற்கிறது. அதாவது ஒரு மண்ணில் எந்தப் புற்றுநோய் அதிகமோ அதுதான் பெரும்பாலும் தசை நோயின் பின்னாலும் நிற்கிறது. கல்லீரல் புற்றுநோய் ஐரோப்பியப் பட்டியலின் முன்வரிசையில் இல்லை. ஹெபடைட்டிஸ் பி, சி பரவலாக உள்ள கிழக்காசிய நாடுகளிலிருந்து, டெர்மடோமயோசைட்டிஸோடு சேர்ந்து கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். சிலருக்குத் தசை நோய்தான் முதலில் தெரிந்தது. கட்டியை அகற்றியதும் தோலும் தசையும் தேறிய நிகழ்வுகளும் உண்டு.

தசை எங்கே, கட்டி எங்கே என்று வியப்பாக இருக்கும். 2005இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கொஞ்சம் விளக்குகிறது. இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறிவைக்கும் புரதங்கள் சாதாரணத் தசையில் மிகக் குறைவு. புற்றுநோய்ச் செல்களிலும், சிதைந்து மறுபடி வளர்கிற தசை நார்களிலும் அவை நிறைய இருக்கின்றன. கட்டியைத் தாக்கக் கிளம்பிய படை, அதே அடையாளத்தைத் தசையில் பார்த்து அங்கேயும் தாக்குகிறது என்பது விளக்கம். ஆன்டி-டிஐஎஃப்1 காமா என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிற, வயது நாற்பதைத் தாண்டிய டெர்மடோமயோசைட்டிஸ்காரர்களைக் கூடுதல் கவனத்தோடு தேடிப் பார்ப்பது இதனால்தான். 2023இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் நோயாளிகளை ஆபத்தின் அளவுப்படி பிரித்து, அதிக ஆபத்துள்ளவர்களுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை சிடி ஸ்கேன் உட்பட விரிவான பரிசோதனையும், மூன்று வருடங்களுக்குத் தொடர் கவனிப்பும் சொல்கிறது. உங்கள் ஆபத்து எந்த வகை என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இதைவிட உறுதியானது. தைவானில் பீஸ்லி என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் எழுதினார்கள். கிருமி இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட 223 மடங்கு ஆபத்து. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய எண்ணைக் காண்பது அரிது. பி கிருமியின் மரபுப்பொருள் நம் செல்லின் மரபுப்பொருளுக்குள்ளேயே நுழைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆகாமலேயே புற்றுநோய் வரலாம். சி கிருமி அப்படி நுழைவதில்லை. அதனால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகத்தான் வரும். தைவான் 1984இலேயே பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தே வருடங்களில், ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளிடம் இந்தப் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆக இறங்கியது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டெர்மடோமயோசைட்டிஸும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும் ஒரே ஆளிடம் இருந்தால், அவர் கல்லீரலில் புற்றுநோயைத் தேடிப் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. தசைப் பிரிவில் ஒரு காரணம் தெரியும், கல்லீரல் பிரிவில் இன்னொன்று தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை என்று ஒழுங்காக நடக்கும். கட்டி சின்னதாக இருக்கும்போது பிடித்தால் அறுவை சிகிச்சையாலோ, ஊசி வழியே சூடு செலுத்தியோ அகற்றிவிடலாம். வயிற்றில் நீர் கட்டிய பிறகு பிடித்தால் செய்வதற்கு மிகக் குறைவே இருக்கும்.

சி கிருமியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நல்ல செய்தி இருக்கிறது. வயதானவர்களுக்குத் தொடையும் கைவிரல் பிடியும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற வகை உண்டு. ஸ்டீராய்டுக்கு அது கேட்பதில்லை. 2016இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் அந்த நோயாளிகளைப் பரிசோதித்தபோது 28 சதவீதம் பேருக்கு சி கிருமியின் அடையாளம் இருந்தது, பாலிமயோசைட்டிஸ்காரர்களுக்கு 4.5 சதவீதம் மட்டுமே. வைரஸ்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பரிசோதிக்க இது போதுமான காரணம். இன்று சி கிருமியைப் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையால் அடியோடு நீக்கிவிடலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல். முன்பு இதற்குப் போட்ட இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்குத் தசை அழற்சியையே கிளப்பிவிட்டது. பி கிருமிக்குக் கொடுத்த டெல்பிவுடின் மாத்திரையும் தசையைக் கெடுத்தது. கல்லீரல் புற்றுநோய்க்கு இப்போது கொடுக்கிற அட்டிசோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி ஊசிகளாலும் அரிதாகத் தசை அழற்சி வரும், சில சமயம் இதயத் தசையிலும். அந்த ஊசி போட்டுக்கொண்டவருக்கு இமை தொங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, படியேற முடியாமல் போனாலோ அதைச் சாதாரண அசதி என்று விடாதீர்கள், அன்றைக்கே தெரிவியுங்கள்.

கீழாநெல்லி கேட்பீர்கள் என்று தெரியும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சென்னையில் தியாகராஜனும் அவர் குழுவினரும், பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியை முறையாகச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. நம் மண்ணின் மூலிகையை எடுத்து அறிவியல் முறையில் கேள்வி கேட்டார்களே, அது பெரிய காரியம். பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்டீராய்டு எடுக்கிற ஒருவர் என்டகாவிருக்குப் பதிலாகக் கீழாநெல்லியை நம்ப முடியாது. சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அந்தத் திட்டத்தின் மையங்களில் இலவசம். உங்கள் பகுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்களுக்கு பி கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், அம்மா எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்குப் பரிசோதனை கட்டாயம்; குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி விழ வேண்டும்.

தசை தேறி, சிபிகே இறங்கி, ஸ்டீராய்டை நிறுத்துகிற நாள் வரும். அன்றைக்கு என்டகாவிரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாத்திரைச் சுமை குறைந்ததென்ற நிம்மதியில். அது கூடாது. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் நின்ற பிறகு குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம், ரிடுக்ஸிமாப் போட்டிருந்தால் ஒன்றரை வருடமாவது அதைத் தொடர வேண்டும். நிறுத்திய பிறகும் சில மாதங்கள் எஸ்ஜிபிடியும் வைரஸ் அளவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைக் கல்லீரல் மருத்துவர் எழுதித் தரட்டும். அந்தத் தேதியைத் தசை மருத்துவரின் சீட்டிலும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் பார்க்கும் மருத்துவர்களில் ஒருவர்